மலர் உதிர்ந்த பிறகு

எங்கள் பாட்டிக்குக் கல்கி மேல் ஒரு கோபம் உண்டு. அது 1954ஆம் வருஷம் மே மாதம் ஆரம்பித்தது. 'பொன்னியின் செல்வன்' முடிந்த மாதம். "மூணரை வருஷம் காக்க வெச்சாரு. கடைசியில அந்த மணிமேகலப் பொண்ணக் கொன்னுட்டு, அவ்ளோதான் கதைன்னு எழுந்து போயிட்டாரு. ஏன் சாமி இப்படிப் பண்ணீங்கன்னு கேக்கலாம்னா, அந்த டிசம்பர்லயே அவரும் போய்ச் சேந்துட்டாரு. யார்கிட்ட போய்க் கேக்கறது?" என்பார்.

பாட்டி பிறந்தது செங்கல்பட்டில். வீட்டில் ஒரு பிரதி, படிக்க ஆறு பேர். அண்ணன்தான் காசு கொடுத்து வாங்குகிறவர் என்பதால் முதல் வாசிப்பு அவருக்கு. பிறகு அவருடைய சிநேகிதர்கள், பிறகு அம்மா. பாட்டியின் முறை வருவதற்குள் யாராவது கதையைச் சொல்லிக் கெடுத்திருப்பார்கள். நாம் இன்று ஸ்பாய்லர் என்கிறோமே, அது அன்று திண்ணையிலேயே நடந்திருக்கிறது. தொடர் முடிந்த அதே வைகாசியில் பாட்டிக்குக் கல்யாணம் ஆகி, ரயிலில் கால்மணி நேரத் தொலைவில் இருக்கும் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வந்துவிட்டார். புகுந்த வீட்டில் அச்சடித்த காகிதம் என்றால் பஞ்சாங்கம் மட்டும். சில வருஷம் கழித்து அண்ணன் மொத்தத் தொடரையும் கிழித்துச் சேர்த்து, காலிகோ பைண்டு போட்டு, சீர் மாதிரி கொண்டுவந்து கொடுத்தார். மணியம் வரைந்த படங்களோடு ஐந்து தடிமனான புத்தகங்கள். ஐந்தாவதன் கடைசிப் பக்கங்களைப் பரண்மேல் கரையான் தின்றுவிட்டது. 'மலர் உதிர்ந்தது' என்ற கடைசி அத்தியாயத்தோடு பாட்டியின் பொன்னியின் செல்வன் முடிந்துபோனது.

அந்தக் கரையான் தின்றதில் என்ன இருந்திருக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 'பொன்னியின் செல்வன்' கல்கி வார இதழில் 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை வந்தது. ஐந்து பாகம். புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம். முதல் நான்கு பாகங்களும் 57, 53, 46, 46 அத்தியாயங்கள். ஐந்தாவது மட்டும் 91. கிட்டத்தட்ட மொத்தக் கதையில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது, கடைசி பாகத்தில் ஆசிரியர் அவசரப்பட்டார் என்று பாட்டி சொல்வது எண்ணிக்கைப்படி தப்பு. மற்ற எந்தப் பாகத்தையும்விட இதில்தான் நிதானமாக நடந்திருக்கிறார். ஆனாலும் வாசகருக்கு அவசரமாகப் பட்டது. ஏன்?

இந்தக் கேள்வி பாட்டிக்கு மட்டும் வந்ததல்ல. தொடர் முடிந்ததும் நேயர்களின் கடிதங்கள் கல்கிக்குப் போயிருக்கின்றன. அந்தக் கடிதங்களின் சாரம் நமக்குக் கிடைப்பது, கல்கியே எழுதிய முடிவுரை வழியாக. இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான பதிப்புகளில் கடைசியாக அது இருக்கும். 1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆன பிறகு ஆளாளுக்குப் பதிப்பித்தார்கள். அப்படி ஒரு மலிவுப் பதிப்பில்தான் நானும் படித்தேன். கதையைத் திடுதிப்பென்று முடித்துவிட்டதாக வாசகர்களுக்குக் குறை. இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார், குந்தவையும் வந்தியத்தேவனும் கல்யாணம் செய்துகொண்டார்களா, இல்லையா? வாசகர்களின் கேள்விகளைத் தானே எடுத்து வைத்துக்கொண்டு பதில் சொல்கிறார் கல்கி. ஒரு தொடரின் கடைசி பாகத்தின் மேல் தமிழ் வாசகர்கள் சொன்ன அபிப்பிராயம், அதற்கு ஆசிரியரின் பதிலோடு சேர்த்தே அச்சில் தங்கிவிட்டது. இவ்வளவு பேர் படித்த நாவலில் இப்படி ஓர் ஆவணம் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

வெளியூரில் இது இன்னும் முரட்டுத்தனமாக நடந்திருக்கிறது. 1893 டிசம்பரில் கானன் டாயில் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றபோது, 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையின் சந்தாதாரர்களில் இருபதாயிரம் பேருக்கு மேல் விலகிக்கொண்டதாகச் சொல்வார்கள். பத்து வருஷம் கழித்து ஹோம்ஸை உயிரோடு கொண்டுவர வேண்டியதாயிற்று. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீசனை மறுபடி எடுக்கச் சொல்லி 2019இல் பத்து லட்சத்துக்கும் மேலானவர்கள் இணையத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தொடரின் மூல நாவல்களை எழுதும் ஜார்ஜ் மார்ட்டின் 2011க்குப் பிறகு அடுத்த புத்தகத்தைத் தரவே இல்லை. நம்ம ஆள் ஒழுங்காக முடித்தார், ஒழுங்காகப் பதிலும் சொன்னார். அப்படியும் எங்கள் பாட்டி மன்னிக்கவில்லை.

*

கல்கியின் பதில் என்ன? முழுக்கக் கற்பனையான கதை வேறு, சரித்திரக் கதை வேறு என்று பிரிக்கிறார். கற்பனைக் கதையில் கதாநாயகனுக்கும் கதாநாயகிக்கும் கல்யாணம் செய்துவைத்து, பிள்ளைகுட்டி பெறச் செய்து, எல்லாவற்றுக்கும் முடிச்சுப் போட்டுவிடலாம். சரித்திரத்தில் வந்தவர்கள் கதை முடிந்த பிறகும் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள், அதை எங்கே நிறுத்துவது? இதுதான் அவர் சொல்வதன் சாரம். தன் முந்தைய இரண்டு சரித்திரக் கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்.

நியாயமான பதில் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்த முந்தைய கதைகளில் ஒன்று எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை. அதனால் எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் தகராறு.

சிங்கப்பெருமாள் கோயிலில் வளர்ந்தவனுக்குப் பல்லவர்கள் பாடப்புத்தகத்துக்கு முன்னாலேயே வந்துவிடுவார்கள். கோயிலே ஒரு குடைவரை. நரசிம்மர் பாறைக்குள் இருக்கிறார், அவரைச் சுற்றவேண்டும் என்றால் மலையையே சுற்ற வேண்டும். நரசிம்மர், நரசிம்மவர்மன், இரண்டும் ஒன்றுதான் என்று எட்டாவது வகுப்பு வரை நம்பிக்கொண்டிருந்தேன். பேர்ப் பொருத்தம் மட்டும்தான் ஆதாரம். செங்கல்பட்டைத் தாண்டித் திருக்கழுக்குன்றம் ரோட்டில் திரும்பினால் வல்லம். அங்கே மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரையில், அவனுக்கு அடங்கிய ஒரு தலைவனின் மகன் கந்தசேனன் இந்தத் தேவகுலத்தைச் செய்வித்தான் என்று கல்வெட்டு இருக்கிறது. இன்னும் கிழக்கே போனால் கழுகு மலை, அதையும் தாண்டினால் கடல், மாமல்லபுரம். வடக்கே ஒரகடம், படப்பை வழியாக வண்டியை விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் மணிமங்கலம்.

அந்த மணிமங்கலத்தில் ஒரு போர் நடந்திருக்கிறது. கூரம் செப்பேடு சொல்கிறது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய இடங்களில் நரசிம்மவர்மன் புலிகேசியைத் தோற்கடித்து, ஓடியவன் முதுகையே ஓலையாக்கி அதில் வெற்றி என்ற சொல்லை எழுதினான் என்கிறது. பிறகு 642 வாக்கில் வாதாபி விழுந்தது. அங்கே பாறையில் நரசிம்மவர்மனின் சிதைந்த கல்வெட்டு இன்றும் உண்டு. பெரியபுராணத்தில் சிறுத்தொண்டர் வாதாபிக்குப் போய் யானையும் செல்வமும் கொண்டுவந்த செய்தி வருகிறது. 'சிவகாமியின் சபதம்' கதைக்கு எலும்பாகக் கல்கிக்குக் கிடைத்தது ஏறக்குறைய இவ்வளவுதான். மீதி எல்லாம் அவர் ஊட்டிய சதை. மாமல்லபுரம் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்த இரவில் இந்தக் கதை மனதில் எழுந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஆயனர், சிவகாமி, நாகநந்தி ஒருவருக்கும் கல்வெட்டு கிடையாது.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். 'பார்த்திபன் கனவு' 1941இல் ஆரம்பித்து 1943இல் முடிந்தது. 'சிவகாமியின் சபதம்' 1944இல் ஆரம்பித்தது. ஆனால் கதை முந்தைய தலைமுறையுடையது. இப்போது ப்ரீக்வெல் என்கிறார்களே, அதைக் கல்கி அப்போதே செய்துவிட்டார். 'பார்த்திபன் கனவு' படித்தவர்களுக்கு நரசிம்மவர்மனின் மகள் குந்தவி ஏற்கெனவே பழக்கம். அப்படியானால் அவருக்கு ஒரு பட்டத்து ராணி இருந்தாக வேண்டும். அது சிவகாமி இல்லை என்பதும் தெரிந்த விஷயம்தான். அதாவது, மாமல்லரும் சிவகாமியும் சேரப்போவதில்லை என்பது முதல் அத்தியாயத்துக்கு முன்பே அச்சாகிவிட்டது. தெரிந்தும் 1946 வரை வாரா வாரம் காத்திருந்தார்கள். நாலாம் பாகத்துக்கு 'சிதைந்த கனவு' என்று பெயர் வைத்த பிறகும்கூட எப்படியாவது சேர்ந்துவிடுவார்கள் என்று தன் அம்மா நம்பியதாகப் பாட்டி சொல்வார்.

ஆனால் பாருங்கள், அந்தக் கதையின் முடிவைக் குறை சொல்கிறவர்கள் குறைவு. அழுவார்கள், குறை சொல்ல மாட்டார்கள். வாதாபி எரிந்தது, சபதம் நிறைவேறியது, சிவகாமி ஏகாம்பரநாதருக்கே தன்னை ஒப்புக்கொடுத்துவிட்டாள். கதவு சாத்தியாகிவிட்டது. சரித்திரக் கதையை முடிக்க முடியாது என்று பின்னால் சொன்னவர்தான், ஒரு சரித்திரக் கதையை இப்படிப் பூட்டுப் போட்டும் காட்டியிருக்கிறார். எப்படி முடிந்தது? சபதம் என்பதே அவர் கண்டுபிடித்தது. தான் கட்டிய முடிச்சைத் தானே அவிழ்ப்பதில் என்ன கஷ்டம்? பல்லவர்களைப் பற்றி நாலு செப்பேடும் சில பாறையும்தான். நடுவே ஆள் நடமாட இடம் நிறைய இருந்தது.

(மாமல்லபுரத்துச் சிற்பங்களே மாமல்லன் காலத்தவை அல்ல, எல்லாம் ராஜசிம்மன் செய்தவை என்று 1962இல் இரா. நாகசாமி எழுதினார். எல்லா அறிஞர்களும் அதை ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்டால் ஆயனர் உளி பிடித்த கரையில் அன்றைக்கு வெறும் பாறைதான். கல்கி இதைப் பார்க்க இருந்திருக்கலாம். சண்டைக்கு வந்திருப்பாரா, ராஜசிம்மனை வைத்து இன்னொரு தொடர் ஆரம்பித்திருப்பாரா என்று நினைத்துக்கொள்வேன்.)

*

சோழர்களிடம் வந்தபோது கல்கிக்கு அந்தக் காலி இடம் இல்லை. சுவர் முழுக்க எழுதிவைத்த கூட்டம் அது. எத்தனை ஆடு, எத்தனை விளக்கு, யார் மனைவி, யார் சமையலுக்கு நிலம் விட்டார், எல்லாம் கல்லில் இருக்கிறது. வந்தியத்தேவன் குந்தவையைக் கட்டிக்கொண்டானா என்று கேட்ட வாசகருக்குத் தஞ்சைப் பெரிய கோயிலே பதில் சொல்லிவிடும். குந்தவைப் பிராட்டியாரை வல்லவரையர் வந்தியத்தேவரின் மாதேவியார் என்று அங்கே வெட்டி வைத்திருக்கிறார்கள். நாவலில் அவ்வளவு ஓடியாடும் வந்தியத்தேவனைப் பற்றி வரலாற்றில் உறுதியாகத் தெரிவது பெரும்பாலும் இந்த உறவு மட்டும்தான்.

'தியாக சிகர'த்தின் உச்சியும் ஒரு செப்பேட்டிலிருந்து வந்ததே. 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள், ஆதித்த கரிகாலன் இறந்த பிறகு மக்கள் அருள்மொழிவர்மனை அரசேற்கச் சொன்னதையும், சிற்றப்பன் உத்தம சோழனுக்கு அந்த ஆசை இருக்கும்வரை தான் விரும்பமாட்டேன் என்று அவன் ஒதுங்கியதையும் சொல்கின்றன. சில சுலோகங்கள்தான். அதிலிருந்து மூன்றரை வருஷத்துக் கதையைக் கறந்தார் கல்கி. பட்டாபிஷேக நாளில், எல்லோரும் அருள்மொழிக்கு என்று நினைத்திருக்கும் கிரீடத்தை அவன் எடுத்து இன்னொருவன் தலையில் வைக்கிறான். பெரிய காட்சி. சந்தேகமே இல்லை.

ஆனால் வாசகர் நிலையில் யோசியுங்கள். மூன்றரை வருஷம் ஒருவனுக்காகக் காத்திருக்கிறோம். கடைசியில் அவன் செய்யும் பெரிய காரியம், ஒன்றை எடுத்துக்கொள்ளாமல் விடுவது. அதற்குப் பிறகு என்ன? உத்தம சோழன் ஏறத்தாழ பதினைந்து வருஷம் ஆண்டான். 985இல்தான் ராஜராஜன் வந்தான். பதினைந்து வருஷம் ஒரு மனிதன் காத்திருந்ததை வாரத்துக்கு ஓர் அத்தியாயமாக யாரால் எழுத முடியும்? தஞ்சைக் கோயில், ஈழப் போர், ராஜேந்திரன் என்று வாசகர் ஆசைப்பட்டது எல்லாமே அந்தப் பதினைந்து வருஷத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அவசரமாக முடித்தார் என்று தோன்றியதன் காரணம் இதுவென்றுதான் நினைக்கிறேன். பாதை நீளமாகத்தான் இருந்தது, போய்ச் சேர்ந்த இடத்தில் உட்கார நாற்காலி இல்லை.

கொலை விஷயமும் அப்படித்தான். கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலனை யார் கொன்றது என்பதை நாவல் இருட்டிலேயே வைத்திருக்கிறது. வாசகருக்கு எரிச்சல். ஆனால் கல் மட்டும் என்ன சொல்லிவிட்டது? காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களைச் சொல்கிறது, அவர்களுடைய உறவினர் நிலத்தைப் பறிமுதல் செய்ததைச் சொல்கிறது. தூண்டியது யார் என்று சொல்லவில்லை. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்தார். அதாவது, கதை வாசகர்கள் திண்ணையில் போட்டுக்கொண்ட அதே சண்டையை வரலாற்றாசிரியர்களும் அடிக்குறிப்போடு போட்டார்கள். கல்கி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கதைக்கு நல்லது. அவர் சாயவில்லை.

சரி, மணிமேகலை? இங்கேதான் பாட்டியின் கோபம் எனக்குப் புரிய ஆரம்பித்தது. கிரீடம் மாறிய பிறகு கதை முடியவில்லை. கடம்பூர் சம்புவரையர் மகள் மணிமேகலை, யார் மேல் ஆசை வைத்தாளோ அந்த வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுவதோடு முடிகிறது. அரசியல் கதைக்கு இப்படி ஒரு முடிவா? ஆனால் கல்கியின் நெருக்கடியைப் பாருங்கள். அருள்மொழிக்கு மரணம் கிடையாது, குந்தவைக்குக் கிடையாது, வந்தியத்தேவனுக்குக் கிடையாது, உத்தம சோழனுக்கும் இப்போதைக்குக் கிடையாது. எல்லோருக்கும் பின்னால் கல்வெட்டு காத்திருக்கிறது. முடிவு என்று ஒன்று வேண்டும் என்றால் கல்லில் பேர் இல்லாத யாராவதுதான் அதைக் கொடுக்க வேண்டும். மணிமேகலை கொடுத்தாள். எட்டு வருஷத்துக்கு முன்பு சிவகாமி கொடுத்தாள். ராணிக்கான இடம் பல்லவர் வம்சாவளியில் நிரம்பியிருந்ததால், சிவகாமி கோயிலுக்குப் போக வேண்டியதாயிற்று. ஊமை ராணி மந்தாகினியும் இந்த வரிசைதான்.

கல்கி தன் பதிலில் சொன்ன பிரிவு, கற்பனைக் கதை ஒருபக்கம், சரித்திரக் கதை ஒருபக்கம் என்பது. எனக்கு அந்தக் கோடு இரண்டு கதைகளுக்கு நடுவே ஓடுவதாகத் தெரியவில்லை. ஒரே கதைக்குள், ஒரே காட்சிக்குள் ஓடுகிறது. ஒருபக்கம் கல்வெட்டு உள்ளவர்கள், மறுபக்கம் இல்லாதவர்கள். முன்னவர்கள் கதை முடிந்த பிறகும் வாழ்வார்கள். பின்னவர்கள் கதையை முடித்துவைப்பார்கள்.

*

கல்கிக்குப் பிறகு அந்தப் பதினைந்து வருஷத்தை நிரப்பப் பலர் வந்தார்கள். அமுதசுரபி ஆசிரியர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். பாலகுமாரன் 'உடையார்' என்று ஆறு பாகம் போய்த் தஞ்சைக் கோயிலையே கட்டி முடித்தார். அனுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்தன்' எழுதினார். 1954இல் கடிதமாகப் போன கேள்விகள் நாவலாகத் திரும்பி வந்தன என்று வைத்துக்கொள்ளலாம். தரம் பற்றி இங்கே பேசப்போவதில்லை, அது தனிக் கட்டுரை, தனிச் சண்டை.

தொடர்ந்து எழுதுவது இந்த மண்ணில் நாவலாசிரியர்கள் ஆரம்பித்த வழக்கமும் இல்லை. திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆதித்த சோழனுடையது என்று கொள்ளப்படும் 27ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. கோயிலுக்கு ஸ்கந்தசிஷ்யன் என்ற பழைய பல்லவ அரசன் நிலம் கொடுத்தான், வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் அதை அப்படியே காத்தார், நானும் காக்கிறேன் என்பது செய்தி. ஒரே நிலம், மூன்று அரசர்கள், நடுவே ஒரு வம்சமே மாறிவிட்டது. 'சிவகாமியின் சபத'த்தின் நாயகனும், 'பொன்னியின் செல்வ'னில் எல்லோரும் பெருமையாகச் சொல்லும் முன்னோர்களில் ஒருவனும் ஒரே கல்லில் நிற்கிறார்கள். மாமல்லபுரம் போகிற பஸ் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. ஒருவராவது இறங்கிப் பார்ப்பதை நான் பார்த்ததில்லை. நானே கல்லூரி முடித்த பிறகுதான் இறங்கினேன்.

*

மணிரத்னத்தின் முதல் படம் 2022 செப்டம்பரில் வந்தது, இரண்டாவது 2023 ஏப்ரலில். முதல் படத்துக்கு இருந்த ஒற்றுமை இரண்டாவதற்கு இல்லை என்பது உங்களுக்கே தெரியும். செங்கல்பட்டு லோக்கலில் காலையில் ஏறும் எங்கள் கும்பலில் நாவல் படித்தவர்கள் மூன்று பேர். தாம்பரம் வரும்வரை அடித்துக்கொள்வோம். சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்ற பெரிய திருப்பத்தையே எடுத்துவிட்டார்களே என்று ஒருவனுக்கு ஆத்திரம். மூன்று மணி நேரத்தில் அதைச் சொல்லி யாருக்குப் புரிய வைக்க முடியும் என்று இன்னொருவன். கரிகாலன் இறக்கும் காட்சியை எடுத்த விதம் பற்றி எங்கள் மூன்று பேருக்கும் மூன்று கருத்து. உடையார்குடிக் கல்வெட்டுக்கு மூன்று கருத்து இருக்கலாம் என்றால் இதற்கும் இருக்கலாம்தானே.

ஓடிடியில் வந்ததும் பாட்டிக்குப் போட்டுக் காட்டினேன். குந்தவை வந்தால் "நல்லாத்தான் இருக்கா" என்றார். கடம்பூர் மாளிகை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"மணிமேகல எங்கடா? வரவே இல்லயே?"

"படத்துல அவ இல்ல பாட்டி. எடுத்துட்டாங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கல்கியாவது கொன்னாரு" என்றார்.

அன்றைக்கு ராத்திரிதான் முடிவுரையைப் படித்துக் காட்டலாம் என்று தோன்றியது. உள்ளே போய் மலிவுப் பதிப்பை எடுத்து வந்தேன். "நீ கேக்கணும்னு சொல்லிட்டே இருப்பியே, அவரு பதில் எழுதியிருக்காரு பாட்டி. உன் புக்குல அந்தப் பக்கத்தைத்தான் கரையான் தின்னுடுச்சு" என்றேன். நம்பவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தைத் தடவிப் பார்த்தார். எழுத்து பொடி, அவரால் படிக்க முடியாது. நான் படித்தேன். கற்பனைக் கதை வேறு, சரித்திரக் கதை வேறு என்ற இடத்தில் தலையை ஆட்டினார், ஒத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. குந்தவை கல்யாணம் வந்ததும், "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார். முழுக்கக் கேட்டார். நடுவில் தூங்கிவிடுவார் என்று நினைத்தேன், தூங்கவில்லை.

முடித்ததும் கேட்டார். "லெட்டர் போட்டவங்க பேரு போட்டிருக்கா?"

"ஏன் பாட்டி?"

"எங்க அண்ணன் போட்டாரு. கார்டு. தபால்பெட்டியில நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன். கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கும், வெளிய போகாதன்னு அம்மா திட்டினாங்க."

இத்தனை வருஷத்தில் இதை அவர் சொன்னதே இல்லை. அண்ணன் பெயர் அதில் இல்லை என்றேன். அதை எதிர்பார்த்த மாதிரிதான் இருந்தார்.

"அவர் என்ன கேட்டாரு?"

"நந்தினி என்ன ஆனான்னு. ஆம்பளைங்க எல்லாரும் அதத்தான் கேட்டாங்க."

"நீ கேக்க வேண்டியதுதானே, மணிமேகலயப் பத்தி?"

"எழுதச் சொன்னேன். கடைசியில ஒரு வரி சேத்துக்கோன்னேன். கார்டுல எடம் இல்லன்னுட்டாரு."